ஒன்பதாம் வீட்டுக்குக் கிழக்கே

என் பெயர் ஏசுரத்தினம். வயது இருபத்து மூன்று. இருப்பது மெட்ராஸ் பெரம்பூரில், ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் முனிகிருஷ்ணன் எழுதுகிறான்.

இது கட்டுக்கதை இல்லை. குடித்துவிட்டுப் பார்த்ததும் இல்லை. நான் குடிக்கமாட்டேன் என்று எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம், அடைமழையில், விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துபோனது. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வந்தது சோற்று நேரத்தில்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு நூல் மில் இருந்தது. அதன் சங்குச் சத்தத்துக்குத்தான் ஊரே எழுந்தது, உட்கார்ந்தது, படுத்தது. மில்லுக்குப் பின்னால் ஒரே கூரையாகப் பத்து வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். மில்காரர்களே கட்டி, சம்பளத்தில் பிடித்துப் பிடித்துத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். எங்கள் நைனா ஞானமணி பதினெட்டு வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கி ஒன்பதாம் வீட்டை வாங்கினார். அக்கா ஜெயசீலி கல்யாணத்தில் அதை அவள் பெயருக்கு எழுதிவைத்தார். அடுத்த வருஷம் இருமியே செத்துப்போனார்.

ஆந்திரா பிரிந்தபோது மில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று கோடு போட்டு முடித்த பிறகுதான் வினை வந்தது. முதலாளி மெஷின்களைக் கழற்றி லாரி லாரியாக ஏற்றி மெட்ராஸ் பக்கம் கொண்டுபோய்விட்டார். சங்கு நின்றது. வீட்டை வாங்க ஆள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் வீட்டைக் கேட்கவில்லை. கதவு என்ன மரம், உத்தரம் தேக்கா, ஓடு எத்தனை தேறும் என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் வீட்டு வரி மட்டும் மில் ஓடிய காலத்து வரி. குறைக்கச் சொல்லிப் பஞ்சாயத்து போர்டுக்குப் போனவர்களிடம் பில் கலெக்டர் கோவர்த்தனன் சிரித்தாராம். "மில்லு போச்சின்னா வீடும் போச்சா? ஓடிப் போனது மில்லுதானே? வீடு அங்கியேதான குந்திக்கினு கீது?"

ஒரே ஒரு வழி இருந்தது. வீடு காலியாகப் பூட்டிக் கிடந்தால் பாதி வரி தள்ளுபடி. கோவர்த்தனன் வந்து வாசல் பூட்டில் அரக்கு முத்திரை வைப்பார். அரை வருஷம் அந்த முத்திரை உடையக்கூடாது. உள்ளே விளக்கு எரியக்கூடாது. கூரையில் புகை வரக்கூடாது.

எங்கள் லைனில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் வீட்டை, வரதராஜன் மாமா வீட்டை மட்டும், ஆள் இருக்கும் வீடாக வைத்துக்கொண்டு அதன் முழு வரியைப் பத்துப் பேரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். மற்ற ஒன்பது வீட்டுக்கும் வாசலில் பூட்டு, பூட்டில் முத்திரை. ஆனால் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். போக வர இருட்டில் கொல்லைக் கதவு. அடுப்பு முதல் வீட்டில் மட்டும். ஒவ்வொரு நடுச்சுவரிலும் இரண்டு செங்கல்லை உருவி ஒரு துவாரம் செய்தார்கள். சோற்றுத் தட்டு முதல் வீட்டிலிருந்து துவாரம் துவாரமாகக் கைமாறிப் பத்தாம் வீடு வரை போகும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்பது வீடு பிணம் மாதிரிக் கிடக்கும். உள்ளே தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்முவார்கள்.

நான் வேலை தேடி மெட்ராஸ் வந்துவிட்டேன். அக்காவும் அவள் புருஷன் அசரியா மாமாவும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பலமனேருக்கு, மாமாவின் அம்மா வீட்டுக்கே போனார்கள். மாமாவுக்குக் காய்கறி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. அங்கே மாமியார் சுந்தரம்மா தினமும் பாடிய பாட்டு இதுதான்: "வீடு குடுத்தாங்களாம் வீடு! வரியக் குடுத்துட்டு வாய மூடிக்கினாங்க." கடைசியில் அக்காவையும் கைக்குழந்தையையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் படுக்கவைத்தார்கள். வீட்டை விற்றுப் பணம் வந்தால்தான் உள்ளே பாய். மழைக்காலம். குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்று அக்கா கார்டு போட்டிருந்தாள்.

அதனால்தான் வீட்டை விற்க அக்கா சார்பில் நான் போனேன்.

பழைய மரம், ஓடு வாங்குகிற ராமகுப்பத்து வியாபாரி சின்னசாமி மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. கோவர்த்தனனும் காலையில் வருவார். முத்திரையைப் பார்த்துக் 'காலி' என்று எழுதிக் கொடுத்தால் பாதி வரியோடு போகும். மிச்சப் பணம் அக்காவுக்கு. ஆள் இருந்த அடையாளம் ஏதாவது கிடைத்தால் முழு வரி, மேலே அபராதம். அப்புறம் கையில் ஒன்றும் தேறாது.

பஸ் இறங்கியபோதே இருட்டிவிட்டது. மழை சடசடவென்று அடித்தது. நேராக முதல் வீட்டுக்குப் போனேன்.

"வாடா மெட்ராஸ்காரா," என்றார் வரதராஜன் மாமா. "இன்னாடா எலும்பும் தோலுமா கீறே? அங்க சோறு போடறதில்லியா, இல்ல காட்டிட்டு எடுத்துக்கினு போயிடறாங்களா?"

"மாமா, காலைல வரைக்கும் இங்க ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

அவர் சிரிப்பு நின்றது.

"சொந்த வீடு கீறப்ப இங்க இன்னாத்துக்கு? கோவர்த்தனம் காலைல மொதல்ல இங்கதான் வருவான். உன்னப் பார்த்தா ஒன்பதாம் வீட்டுல ஆள் கீறாங்கன்னு எழுதிப்புடுவான். கொல்லைப் பக்கமா போய்ப் படு. விளக்கு ஏத்தாதே. வாய் பேசாதே."

"சாப்பாடு?"

"செவுத்துல வரும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஏதோ சொன்னாள். "வேணாங்க, பாவம்…" என்று மட்டும் காதில் விழுந்தது. "நீ சும்மா கெட," என்று அதட்டிவிட்டுச் எங்கள் கொல்லைக் கதவுச் சாவியை என் கையில் திணித்தார். சாக்கு ஒன்றை எடுத்து அவரே என் தலையில் போட்டார். அவ்வளவு அக்கறையாக அவர் என்னை எப்போதும் நடத்தியதில்லை.

கொல்லைச் சந்தில் குனிந்தபடி ஓடினேன். ஒரு பக்கம் நீளமாக மதில். இருட்டில் கதவுகளைத் தடவி எண்ணிக்கொண்டே போய் ஒன்பதாவதைத் திறந்தேன்.

உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சமையல் கட்டு எட்டடி அகலம். நான் வளர்ந்த இடம். சுவரைத் தடவியே உட்கார்ந்தேன்.

மேற்குச் சுவரில் செங்கல் நகர்கிற சத்தம்… கரகர…

"ஏசுவா?"

எட்டாம் வீட்டு அம்சவேணி அக்கா. எனக்குத் தலைவாரி விட்டவள்.

"ஆமாக்கா. நல்லா கீறியா?"

"மெதுவா. கீறேன், கீறேன். இந்தா, இதப் புடி."

துவாரத்தில் தட்டு வந்தது. சூடான சோறு, புளிக்குழம்பு. வாசனையிலேயே எனக்கு வயிறு கூவியது.

"ஏசு. மொதல் தட்டு கிழக்கால குடுத்துடு. சின்னப்பன் அண்ணன் வூட்டுக்கு. அப்புறம்தான் நீ துன்னணும்."

"அவங்க இன்னும் கீறாங்களா?"

அவள் தட்டின் விளிம்பை என் பக்கம் அழுத்தினாள். 

"குடுத்துடுப்பா. ஆறிடும்."

பத்தாம் வீட்டுச் சின்னப்பன் அண்ணன் நைனாவோடு வேலை செய்தவர். மில்லில் இரண்டு விரலையும், பிறகு ஒரு காலையும் கொடுத்தவர். அவர் மகள் ருக்மணி என்னைவிட ஒரு வயது பெரியவள். சத்தம் போடாதே என்று சொன்னால் அதற்கே சிரிப்பாள்.

தட்டை ஏந்திக்கொண்டு எட்டடி நடந்தேன். கிழக்குச் சுவரில் கை வைத்தேன். அடுப்பு மேடைக்கு ஒரு சாண் மேலே. துவாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தட்டைத் தள்ளினேன். அந்தப் பக்கம் ஒரு கை வாங்கியது. என் விரல் மேல் அது பட்டது. மூன்று விரல்.

"அண்ணே, நான் ஏசு. ஞானமணி புள்ள."

கை இழுத்துக்கொண்டது. எனக்கு ஒன்றுதான் வித்தியாசமாகத் தோன்றியது. மழைக்காலத்தில் எல்லாம் ஈரமாக இருக்கும். அந்தக் கை மட்டும் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

தட்டை வழிக்கிற சத்தம் கேட்டது. வேகமாக. மூச்சு விடாமல்.

இரண்டாவது தட்டு வந்தது. சரி, இது எனக்கு என்று ஒரு கவளம் எடுத்தேன்.

கிழக்குச் சுவரில்… டக்… டக்.

"இதையும் குடுத்துடு," என்றாள் அம்சவேணி அக்கா. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கொடுத்தேன். இந்தத் தடவை வேறு கை. கண்ணாடி வளையல்கள் என் மணிக்கட்டில் உரசின. ருக்மணி. நாலைந்து வளையல். ஒன்றோடு ஒன்று மோதின. எனக்குத் தெரிந்தது… மோதின.

சத்தமே இல்லை.

"ருக்கு?" என்றேன்.

வழிக்கிற சத்தம்தான். தகரத்தில் நகம் போகிற மாதிரி.

டக்… டக்.

மூன்றாவது தட்டு. அம்சவேணி அக்கா அவசரமாகத் தள்ளியதில் குழம்பு என் கால்மேல் சிந்தியது.

"அக்கா, இன்னாக்கா இது? எத்தினி பேரு கீறாங்க அங்க?"

"கேக்காதே. குடு."

கொடுத்தேன். முடிவதற்குள்ளேயே தட்டினார்கள்.

டக். டக். டக்.

நாலாவது தட்டில் சோறு அரைத் தட்டுதான் இருந்தது. அடிப் பிடித்த வாசனை. பானையைச் சுரண்டியிருக்கிறார்கள்.

அதையும் கொடுத்தேன்.

டக். டக். டக். டக்.

"அக்கா… தட்டறாங்க."

"ஏசு." அவள் குரல் அழுகிற குரல். "தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதே. என்ன மன்னிச்சுடுப்பா."

கரகர…

செங்கல்லை வைத்து அடைத்துவிட்டாள். என் பக்கத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் முதுகைக் கொடுத்து அழுத்தியிருந்தாள்.

தட்டுவது நின்றது.

அது நின்றதுதான் பயமாக இருந்தது.

கிழக்குத் துவாரத்தில் ஏதோ உரசியது. கை வருகிறது. தட்டுக்காக அல்ல. அடுப்பு மேடையைத் தடவுகிறது. பிறகு தரையை. துவாரத்திலிருந்து தரைக்கு எந்தக் கையும் எட்டாது…

எட்டியது.

என் கால்மேல் சிந்திய குழம்பைத் தொட்டது.

வழித்தது.

நான் கத்தவில்லை. காலையில் 'காலி' என்று எழுத வேண்டும். அக்கா. குழந்தை. வாயில் சாக்கைத் திணித்துக்கொண்டேன்.

அது மேலே வந்தது. முழங்கால். தொடை. நான் ஒரு கவளம் எடுத்திருந்தேன் அல்லவா? வலது கை.

விரல் நடுவில் பருக்கை ஒட்டியிருந்தது.

பிடித்தது.

இழுத்தது.

எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. என் எலும்புதான்.

"இன்னும்…" என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

எப்படி விடுவித்தேன் என்று தெரியாது. கொல்லைக் கதவு, மழை, சேறு. சந்தில் மேற்கே போகாமல் கிழக்கே ஓடினேன். பத்தாம் வீட்டுக் கொல்லைக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி. மின்னல் வெட்டியது.

வீடே இல்லை.

சுவர் இல்லை, கூரை இல்லை. ஆமணக்குச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ரோடு தெரிந்தது. எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவர் மழையில் மொட்டையாக நின்றது. அதன் அடியில் நாலு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சுத்தமாக.

விடியும்வரை ரோட்டோரம் மூடிய டீக்கடைப் பந்தலில் கிடந்தேன்.

காலையில் கோவர்த்தனன் குடையோடு வந்தார். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவன் மாதிரி எங்கள் வாசலில் நின்றேன். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"பாக உந்தி," என்றார் தெலுங்கில். "நல்லா கீது. ஒரு கீறல் இல்லை. காலி." எழுதிக்கொண்டே என் கையைப் பார்த்தார். "இன்னாப்பா வீங்கிக்கினு கீது?"

"வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"பாத்து நடப்பா. வயசுப் பையன்."

அவர் போனதும் கொல்லைப் பக்கமாக அம்சவேணி அக்கா வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு தட்டும் துன்னாங்களா?" என்று கேட்டாள். முதல் வார்த்தையே அதுதான்.

"வூடு எங்கக்கா?"

"ஆடி மாசமே பிரிச்சுட்டாங்க."

"அப்புறம் யாருக்குக் குடுக்கச் சொன்னே?"

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள். ஆனி மாதம் கோவர்த்தனனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கொல்லைக் கதவுகளுக்கும் வெளியே பூட்டுப் போட்டு முத்திரை வைத்துவிட்டார். "உள்ள ஆள் கீதுன்னா கத்துங்க, தொறந்து விடறேன்," என்று சந்தில் நின்று சிரித்தாராம். பத்து நாள் அப்படியே விட்டார். சந்து முனையில் கட்டில் போட்டுக் காவலுக்கு ஆள். கத்தினால் எல்லா வீட்டுக்கும் முழு வரி, அபராதம். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. சோறு மட்டும் சுவரில் போய்க்கொண்டிருந்தது.

"உங்க வூடு காலி. ஆனாலும் நாங்க விடல ஏசு. மூங்கில் கழி நுனில சோத்து மூட்டயக் கட்டி, எங்க துவாரத்துலேர்ந்து அந்தத் துவாரத்துக்கு நீட்டுவேன். ருக்கு அவுத்துக்கும். ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாள் சாயங்காலம் கழி போய்ச் செவுத்துல முட்டிச்சு. எந்தப் பக்கம் தள்ளினாலும் முட்டிச்சு. துவாரம் இல்ல."

"அப்புறம்?"

"கத்தினாங்க. சந்து முனையில கீற காவல்காரனுக்கு எட்டல. எங்களுக்குத்தான் கேட்டுச்சு."

"நீங்க?"

"காத மூடிக்கினோம்." அவள் அழவில்லை. "மழன்னு நெனச்சிக்கினோம். பத்து வூடு ஏசு. கொழந்தைங்க கீது."

பத்தாம் நாள் கோவர்த்தனன் கொல்லைப் பூட்டுகளை எடுத்தார், ஒரு வீட்டையும் திறந்து பார்க்கவில்லை. முத்திரை அப்படியே இருந்ததால் பத்தாம் வீட்டையும் காலி என்று எழுதினார். பழைய பாக்கிக்கு ஏலம் விட்டபோது, ஏலம் எடுத்தவன் கூரையைப் பிரித்துத்தான் அவர்களைப் பார்த்தான். அப்பாவும் மகளும். எங்கள் சுவரில் சாய்ந்தபடி.

அதிலிருந்து தினமும் சோற்று நேரத்தில் எட்டாம் வீட்டுச் சுவரைத் தட்டுகிறார்களாம். அன்றைக்கு நான் நடுவில் இருந்ததால், பல மாதத்துக்குப் பிறகு அம்சவேணி அக்கா சுவரில் யாரும் தட்டவில்லை.

"வூட்ட விக்காதே ஏசு," என்று என் காலைத் தொட வந்தாள். "உங்க வூடும் போச்சின்னா அவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல."

நான் காலை இழுத்துக்கொண்டேன். சின்னசாமி வண்டியோடு வந்து நின்றிருந்தார். விற்றேன்.

அவர் ஆட்கள் கிழக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்தார்கள். வெளிச்சத்தில் அப்போதுதான் அந்தச் சுவரை உள்ளே இருந்து பார்த்தேன். துவாரம் இல்லை. அடுப்பு மேடைக்கு ஒரு சாண் மேலே, ஓட்டுச் சில்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து அடைத்து, மழமழவென்று பூசி, வெள்ளையும் அடித்திருந்தது. நாலு தட்டு நான் எதன் வழியாகக் கொடுத்தேன்?

"யார் பூசினாங்க?" என்று அம்சவேணி அக்காவைக் கேட்டேன்.

"உங்க அக்கா வூட்டுக்காருதான். அந்த மூணாம் நாள் பகல்ல வந்தாரு. யாருக்கோ வூட்டக் காட்டணும்னு கோவர்த்தனத்தக் கூட்டியாந்து கதவத் தொறக்கச் சொன்னாரு. செவுத்துல பொத்தல் இருந்தா வெல கொறயும்னு அவரே கொழைச்சுப் பூசினாரு. கோவர்த்தனம் வாசல்ல நின்னான், முடிஞ்சதும் திரும்பப் பூட்டி முத்திரை வச்சான். நான் என் துவாரத்த அடைச்சிக்கினு குந்தியிருந்தேன். பூசற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு."

கூலிக்காரன் கடப்பாரையால் நெம்பினான். காரை உடையாமல் ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. புரட்டிப் போட்டான். பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டான்.

பாளத்தின் பின்பக்கத்தில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. பெண்பிள்ளையின் சின்னக் கை. ஐந்து விரலும் ரேகையோடு. ஈரமாக இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கிறது. ஒரு தடவை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பதிவு. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிட ஆழம் குறைவு.

இந்தக் கடிதத்தைப் பலமனேர் வீட்டு விலாசத்துக்குத்தான் போடுகிறேன். வீடு விற்ற பணம் மணியார்டரில் தனியாக வரும். அக்காவையும் குழந்தையையும் உள்ளே படுக்கவையுங்கள்.

இந்தக் கடிதம் முதலில் யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. யாராக இருந்தாலும் ஒரே ஒரு உதவி. அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அசரியா மாமாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஈரக் காரை பத்தாம் வீட்டுப் பக்கத்திலிருந்து பிதுங்கி வந்தபோது, அவர் கையை எடுத்தாரா, திருப்பி அழுத்தினாரா?